படகில் வந்திறங்கும் பாட்டு: கரிஃபுனா மக்களின் குடியேற்ற நாள் – ஓர் எளிய விளக்கம்

ஆண்டுதோறும் நவம்பர் 19 அன்று, பொழுது புலரும் வேளையில், நடு அமெரிக்காவில் உள்ள பெலீஸ் நாட்டின் டான்கிரிகா என்னும் கடற்கரை ஊரில் சில படகுகள் கடலிலிருந்து கரையை நோக்கி வருகின்றன. அவற்றில் இருப்பவர்கள் மீன் பிடித்துத் திரும்புபவர்கள் அல்லர். தென்னங்கீற்றும் வாழையிலையும் கட்டிய அப்படகுகளில் ஆண்களும் பெண்களும் குழந்தைகளும் மேளங்களையும் பானைகளையும் மரவள்ளிக் குச்சிகளையும் வைத்துக்கொண்டு, தாங்கள் பிறந்து வளர்ந்த அதே ஊரை முதன்முறையாகக் காண்பவர்களைப் போலப் பார்த்தபடி பாடிக்கொண்டு வருகிறார்கள். ஆற்றின் முகத்துவாரத்தில் காத்து நிற்கும் ஊராரும் பாடுகிறார்கள். படகு கரை தொட்டதும் இரண்டு பாட்டும் ஒன்றாகி, மேளங்கள் முன்னே செல்ல, ஊர்வலம் தேவாலயத்தை நோக்கி நகர்கிறது. அங்கே நடக்கும் திருப்பலியும் அவர்களுடைய மொழியிலேயே, அவர்களுடைய மேளத்தோடு நடக்கிறது.

கரிஃபுனா குடியேற்ற நாள் இவ்வாறுதான் தொடங்குகிறது. ஆப்பிரிக்க மரபைக் கொண்டாடும் விழாக்கள் உலகில் பல உண்டு. அவற்றுள் இவ்விழாவை இங்கே எடுத்துக்கொள்வதற்குக் காரணம், ஒரு மக்கள் கூட்டம் தன் வரலாற்றை இசையிலும் கதையிலும் எவ்வாறு பாதுகாத்து வைக்க முடியும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் விழா ஒன்றை நான் அறியவில்லை என்பதே. பெயர்களிலிருந்து தொடங்குவோம். ‘கரிஃபுனா’ என்பது ஒரு தனி மனிதரையும், அவர் பேசும் மொழியையும், அவருடைய பண்பாட்டையும் குறிக்கும் சொல். மக்கள் அனைவரையும் சேர்த்துச் சொல்லும்போது அவர்களே ‘கரினாகு’ என்கிறார்கள். படகில் வந்திறங்கும் நிகழ்ச்சிக்கு ‘யுருமெய்ன்’ என்று பெயர். அது அவர்கள் இழந்த தீவின் பெயரும்கூட. இன்று உலக வரைபடத்தில் செயின்ட் வின்சென்ட் என்று குறிக்கப்படும் கரீபியத் தீவுதான் அது.

அந்தத் தீவில் ஆப்பிரிக்கர்கள் வந்து சேர்ந்த கதையைக் கரிஃபுனா மக்கள் ஒரு கப்பல் விபத்திலிருந்து தொடங்குகிறார்கள். அடிமைகளாக விற்பதற்கென்று ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை ஏற்றிவந்த கப்பல்கள் 1635-இல் அத்தீவின் அருகே உடைந்தன என்பதும், உயிர் பிழைத்து நீந்திக் கரையேறியவர்களை அங்கிருந்த பழங்குடி மக்கள் ஏற்றுக்கொண்டனர் என்பதும் வாய்வழியாக வந்த மரபுரை. இதனோடு இன்னொரு வழியும் இருந்தது. கிழக்கே உள்ள பார்படோஸ் தீவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து தப்பியவர்கள் சிறு படகில் ஏறினாலே போதும். எப்போதும் கிழக்கிலிருந்து மேற்காக வீசும் காற்று அவர்களை செயின்ட் வின்சென்ட் பக்கம் தள்ளிவிடும். இவ்வாறு வந்தவர்களும், அங்கே முன்பே வாழ்ந்த அரவாக், கரீப் மக்களும் கலந்து மணமுடித்து உருவான சமூகமே கரிஃபுனா சமூகம். தம் முன்னோர் அந்தத் தீவில் எந்தத் தோட்ட முதலாளிக்கும் அடிமையாக இருந்ததில்லை என்பதை அவர்கள் இன்றும் நிமிர்ந்து சொல்கிறார்கள்.

1763-இல் கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கை அத்தீவை பிரிட்டனுக்கு அளித்தது. அங்கே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை. கரும்பு விளைவதற்கேற்ற செழிப்பான நிலம் கரிஃபுனா மக்களிடம் இருந்ததால் போர் மூண்டது. 1773-இல் ஓர் உடன்படிக்கையோடு அடங்கிய பகை, 1795-இல் மீண்டும் வெடித்தது. மக்களை வழிநடத்திய தலைவர் ஷாட்டோயே அவ்வாண்டு மார்ச் 14 அன்று கொல்லப்பட்டார். கரிஃபுனா பாடல்களும் கதைகளும் அவரைச் சாட்டுயே என்று அழைக்கின்றன. செயின்ட் வின்சென்ட் நாடு 2002-இல் அவரைத் தன் தேசிய வீரராக அறிவித்தது. அவர் இறந்த நாள் அங்கே விடுமுறை நாள்.

தலைவரை இழந்த பின்னும் ஓராண்டுக்கு மேல் நீடித்த போர், பயிர்களும் படகுகளும் எரிக்கப்பட்டு, உண்ண வழியின்றிச் சரணடைந்ததில் முடிந்தது. சரணடைந்தவர்களில் 4,000-க்கும் மேற்பட்டோரை ஆங்கிலேயர் பாலிசோ என்னும் சிறு தீவுக்குக் கொண்டுசென்று அடைத்தனர். அங்கே நல்ல தண்ணீர் இல்லை, தொற்றுநோய் பரவியது. சில மாதங்களுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேர் மடிந்தனர். பழங்குடித் தோற்றம் மிகுந்தவர்களை ஒருபுறமும் ஆப்பிரிக்கத் தோற்றம் மிகுந்தவர்களை மறுபுறமுமாக நிறத்தைப் பார்த்துப் பிரித்து, முன்னவர்களில் பலரைத் தீவிலேயே விட்டுவிட்டு, பின்னவர்களை நாடு கடத்தினர் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரே குடும்பமாகக் கலந்துவிட்ட மக்களை அந்நியர் கண்ணுக்குத் தெரிந்த நிறம் இரண்டாகப் பிரித்தது. 1797 ஏப்ரலில், ஏறத்தாழ 2,000 பேர் ஹோண்டுராஸ் கரைக்கு அப்பால் உள்ள ரொவாட்டான் தீவில் இறக்கிவிடப்பட்டனர். ஹோண்டுராஸில் வாழும் கரிஃபுனா மக்கள் ஏப்ரல் மாதத்தில் தங்கள் வருகையைக் கொண்டாடுவது இதனால்தான்.

ரொவாட்டானிலிருந்து நிலப்பகுதிக்கும், அங்கிருந்து கடற்கரை நெடுகிலும் அவர்கள் பரவினர். இன்று ஹோண்டுராஸ், குவாத்தமாலா, பெலீஸ், நிக்கராகுவா ஆகிய நான்கு நாடுகளின் கரையோரங்களில் கரிஃபுனா ஊர்கள் உள்ளன. பெலீஸுக்குச் சிலர் 1802 வாக்கிலேயே வந்துவிட்டனர். ஆனால் ஹோண்டுராஸில் நடந்த உள்நாட்டுக் கலகத்தில் தோற்ற தரப்போடு நின்றதால் உயிருக்கு அஞ்சி ஓடிய ஒரு பெருங்கூட்டம், அலெஹோ பேனி என்பவரின் தலைமையில் 1832 நவம்பர் 19 அன்று வந்திறங்கியதுதான் ஊரின் நினைவில் தங்கிவிட்ட நாள். படகில் காட்டப்படும் வருகை அந்த வருகையே.

ஒரு மக்களின் நினைவு தானாகவே விழாவாகிவிடுவதில்லை. யாரோ ஒருவர் அதற்காக அலைய வேண்டியிருக்கிறது. இங்கே அலைந்தவர் தாமஸ் வின்சென்ட் ராமோஸ். ஹோண்டுராஸில் பிறந்து டான்கிரிகாவில் குடியேறிய ஆசிரியர் அவர். கரிஃபுனா மக்களை மற்றவர்கள் இழிவாகப் பார்த்த காலத்தில், தம் மக்களுக்கென்று ஒரு நாள் வேண்டும் என்று ஆங்கிலேய ஆட்சியாளரிடம் கேட்டார். 1941-இல் முதன்முறையாக டான்கிரிகாவில் விழா நடந்தது. 1943-இல் நாட்டின் தென்பகுதிக்கு மட்டும் விடுமுறை கிடைத்தது. நாடு முழுவதற்கும் விடுமுறையாக 1977 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ராமோஸ் 1955-இல் மறைந்துவிட்டார். முழு நாடும் கொண்டாடியதை அவர் பார்க்கவில்லை. பெலீஸ் மக்கள்தொகையில் ஒரு சிறு பங்கு மட்டுமே உள்ள ஒரு சமூகத்தின் நினைவுநாளுக்காக இன்று அந்நாடு முழுவதும் அலுவலகங்களும் பள்ளிகளும் மூடப்படுகின்றன.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு. இதை ஆப்பிரிக்க மரபின் விழா என்று எந்த அடிப்படையில் சொல்கிறோம்? இவர்கள் ஆப்பிரிக்காவை விட்டு வந்து முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. இவர்கள் பேசும் மொழி ஆப்பிரிக்க மொழியே அன்று. கரிஃபுனா மொழி தென் அமெரிக்காவின் அரவாக் மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. அதில் கரீப் சொற்களும், பிரெஞ்சு, ஸ்பானிய, ஆங்கிலச் சொற்களும் கலந்துள்ளன. எண்களைச் சொல்லிப் பார்த்தாலே இது விளங்கும். ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை அபன், பியாமா, உருவா என்னும் பழங்குடிச் சொற்கள். நான்கிலிருந்து காதுரு, செய்ங்கு, சிசி என்று பிரெஞ்சு எண்கள் வந்துவிடுகின்றன. மற்றொரு வியப்பு, சில பொருள்களுக்கு ஆண்கள் சொல்லும் சொல் வேறு, பெண்கள் சொல்லும் சொல் வேறு என்பது. ‘நான்’ என்பதற்கு ஆண்களின் வழக்கில் ‘அவு’ என்றும், பெண்களின் வழக்கில் ‘நுகுயா’ என்றும் இரு சொற்கள் இருக்கின்றன. கரீப் ஆண்களும் அரவாக் பெண்களும் கூடி வாழ்ந்த ஒரு பழங்காலம் அந்த இரு சொற்களில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் ஆப்பிரிக்கா எங்கே இருக்கிறது? என் பார்வையில், அது பாடும் முறையிலும் மேளம் பேசும் முறையிலும் இறந்தவர்களை நடத்தும் முறையிலும் இருக்கிறது. சொற்களை மாற்றிக்கொண்ட ஒரு மக்கள் கூட்டம், அச்சொற்களை எப்படிக் கூடிச் சொல்வது என்பதை மாற்றிக்கொள்ளவில்லை. இதைப் புரிந்துகொண்டால் விழாவின் ஒவ்வொரு பகுதியும் தெளிவாகிவிடும் என்பதால், மேளத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம்.

கரிஃபுனா மேளம் ஒரே மரத்தண்டைக் குடைந்து செய்யப்படுகிறது. மகோகனி போன்ற உறுதியான மரத்தின் உட்புறத்தைத் தோண்டி எடுத்து, ஒரு பக்கம் மட்டும் மான் தோலையோ ஆட்டுத் தோலையோ போர்த்தி, கயிற்றாலும் மரக்குச்சிகளாலும் இறுக்குகிறார்கள். பிறகு தோலின் மேல் குறுக்காகக் கம்பி இழுத்துக் கட்டுகிறார்கள். கை பட்டதும் தோலின் ஒலியோடு அந்தக் கம்பியும் அதிர்வதால், தெளிந்த அடியின் ஓரத்தில் ஒரு மெல்லிய சரசரப்பு கேட்கும். கோலால் அடிப்பதில்லை, வெறுங்கைதான். இத்தகைய மேளங்கள் பெரும்பாலும் இரண்டாகவே வரும். பெரியது செகுண்டா, சிறியது பிரிமேரா. பெயர்கள் ஸ்பானியம், வேலைப் பிரிவினையோ மேற்கு ஆப்பிரிக்காவின் மேளக் குழுக்களில் காணப்படும் அதே பிரிவினை. செகுண்டா ஒரே அடியை மாறாமல் திரும்பத் திரும்ப வாசித்து நிலம்போலக் கிடக்கிறது. பிரிமேரா அதன்மேல் நினைத்தபடி ஓடுகிறது, நிற்கிறது, குதிக்கிறது. இவற்றோடு விதைகள் அடைத்த குலுக்கு கருவிகளும், சில நேரம் ஆமை ஓடும் சங்கும் சேர்வதுண்டு.

பிரிமேரா வாசிப்பவர் யாரைப் பார்த்து வாசிக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். மேளக்காரர் தாளம் போட ஆட்டக்காரர் அதற்கேற்ப ஆடுவார் என்று நாம் எதிர்பார்ப்போம். வனாராகுவா என்னும் ஆட்டத்தில் நடப்பது இதற்கு நேர்மாறானது. ஆட்டக்காரரின் கால் என்ன செய்கிறதோ அதையே மேளக்காரர் கையால் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர் முழங்காலுக்குக் கீழே சிப்பிகளைக் கோத்துக் கட்டியிருப்பதால் அவருடைய ஒவ்வொரு அசைவும் ஒலிக்கிறது. அவர் திடீரென நின்றால் மேளமும் அக்கணமே நிற்க வேண்டும். கண்ணை எடுக்காமல் காலையே பார்த்துக்கொண்டு வாசிக்கும் மேளக்காரரைப் பார்க்கும்போது, இருவருக்கிடையே ஓர் உரையாடல் நடப்பது போலவே தோன்றும்.

இந்த வனாராகுவா கிறிஸ்துமஸ் காலத்தில்தான் பெரிதாக ஆடப்படுகிறது. ஜான்குனு என்னும் பெயரும் இதற்கு உண்டு. ஆடுபவர்கள் கம்பி வலையால் செய்து, வெள்ளைக்காரர் முகம்போல வண்ணம் தீட்டிய முகமூடியை அணிகிறார்கள். தலையில் இறகுகளும் வண்ண நாடாக்களும் நிற்கும். இந்த வேடத்துக்கு ஊரார் சொல்லும் கதை ஒன்று உண்டு. செயின்ட் வின்சென்ட் போரின்போது, ஆண்கள் பெண்களைப்போல உடுத்திக்கொண்டு எதிரிகளை ஏமாற்றி நெருங்கித் தாக்கினர். அந்த வேடமே இந்த ஆட்டம் என்பார்கள். வரலாற்று ஆய்வாளர்களோ கரீபியத் தீவுகள் பலவற்றில் ஆப்பிரிக்க வழியினர் ஆடிய முகமூடி ஆட்டங்களோடு இதற்கு உள்ள உறவைச் சுட்டுகிறார்கள். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பதை ஆய்வு சொல்கிறது. அதை ஆடுபவர்கள் ஏன் இத்தனை பெருமையோடு ஆடுகிறார்கள் என்பதைக் கதைதான் சொல்கிறது.

பாட்டுக்கு வருவோம். கரிஃபுனா பாட்டின் எலும்புக்கூடு அழைப்பும் விடையும். ஒருவர் ஓர் அடியைப் பாட, கூட்டம் மறு அடியைப் பாடும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கக் கண்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட மக்கள் எங்கெல்லாம் வாழ்ந்தார்களோ அங்கெல்லாம் இம்முறை வேரூன்றியிருக்கிறது. இதன் விளைவு எளியது, ஆனால் பெரியது. கேட்பவர் என்று தனியே ஒருவர் இல்லாமல் போய்விடுகிறார். விடையைப் பாடத் தெரிந்த அனைவரும் பாட்டுக்கு உள்ளேதான் இருக்கிறார்கள். ஒரு குழந்தை முதலில் விடையைப் பாடக் கற்கிறது. வளர்ந்தபின் அழைப்பைப் பாடத் துணிகிறது. எழுதி வைக்காமலேயே ஒரு பாட்டு தலைமுறைகளைத் தாண்டி வருவதற்கு இதுவே வழி.

கரிஃபுனா பாட்டும் ஆட்டமும் சேர்ந்த வகைகளுள் மிகவும் அறியப்பட்டது புன்டா. ஓர் ஆணும் பெண்ணும் எதிரெதிரே, உடலின் மேற்பகுதி அசையாமல் இடுப்பும் காலும் மட்டும் விரைந்தாட, ஒருவரையொருவர் விஞ்ச முயலும் துள்ளலான ஆட்டம் அது. விழாக்களில் இதைப் பார்ப்பவர்கள் மகிழ்ச்சிக்கான ஆட்டம் என்றே நினைப்பார்கள். ஆனால் புன்டாவின் சொந்த இடம் இழவு வீடு. ஒருவர் இறந்தால் வேண்டுதல்கள் நாள்தோறும் நடந்து, ஒன்பதாம் இரவில் ‘பெலூரியா’ என்னும் கூட்டத்தோடு நிறைவுபெறும். அன்றிரவு சுற்றத்தாரும் ஊராரும் கூடி, உண்டு, குடித்து, விடியும்வரை புன்டா ஆடுகிறார்கள். இறந்தவரை மனநிறைவோடு வழியனுப்ப வேண்டும், உயிர் தொடர்கிறது என்பதை உடலால் சொல்ல வேண்டும் என்பது இதன் உட்பொருள். சாவு வீட்டில் பறை கொட்டி ஆடி வழியனுப்பும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதற்குப் பெரிய விளக்கம் தேவைப்படாது.

அதே இரவில்தான் கதைகளும் சொல்லப்படுகின்றன. கதைக்குக் கரிஃபுனா மொழியில் ‘ஊராகா’ என்று பெயர். ஊராகா வீட்டுக்குள் தாத்தா பாட்டி பேரப்பிள்ளைக்குச் சொல்லும் கதை மட்டுமன்று. இழவு வீட்டிலும் பெருங்கூட்டத்திலும் பலர் முன்னிலையில் நிகழ்த்தப்படுவது. பெலீஸில் கரிஃபுனா மக்களுக்கும் மற்றவர்களுக்கும் பொதுவாக வழங்கும் கதைகளில் முதன்மையானவை அனான்சி என்னும் சிலந்தியின் கதைகள். அளவில் சிறிய, வலுவற்ற, ஆனால் தந்திரத்தால் புலியையும் அரசனையும் வெல்லும் இந்தச் சிலந்தி, இன்றைய கானா நாட்டில் வாழும் அக்கான் மக்களின் கதைகளிலிருந்து கடல் கடந்து வந்தது. துப்பாக்கி இல்லாதவர்கள் துப்பாக்கி வைத்திருந்தவர்களின் நடுவே வாழ நேர்ந்த காலத்தில், வலியவனை ஏமாற்றும் எளியவனின் கதை ஏன் இத்தனை தீவுகளில் உயிரோடு இருந்தது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

பெண்களின் பங்கைப் பற்றிச் சொல்லாமல் இந்த இசையைப் பற்றிப் பேச முடியாது. கரிஃபுனா பாடல்களில் பெரும்பகுதியைப் புனைந்தவர்கள் பெண்கள். பாடகிகளோ கவிஞர்களோ என்று பெயர் வாங்காத, சமையலும் விவசாயமும் செய்துகொண்டிருந்த பெண்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத மகன், வேறு ஊருக்குப் போய் மறந்துவிட்ட கணவன், புறம் பேசிய பக்கத்து வீட்டுக்காரி என்று தங்களுக்கு நேர்ந்ததைப் பாட்டாக்கினார்கள். யாரையும் நேரே ஏசாமல் பாட்டால் குத்திக்காட்டும் வழக்கமும் இதில் நிறைய உண்டு. 1961 அக்டோபர் இறுதியில் பெலீஸைத் தாக்கிய ஹாட்டி புயலைப் பற்றியும் அவர்களிடம் பாட்டு இருக்கிறது. நாட்டின் தலைநகரையே பின்னர் கடலோரத்திலிருந்து உள்நாட்டுக்கு மாற்ற வைத்த புயல் அது. ஆவணக் காப்பகத்தில் அது ஒரு கோப்பு. இவர்களிடம் அது கூடிப் பாடும் ஒரு பாட்டு. இவை தவிர, மேளமே இல்லாமல், பெண்கள் வரிசையாகக் கைகோத்து நின்று மெல்ல அசைந்தபடி பாடும் ‘அபாய்மஹானி’ என்னும் வகையும் உண்டு. முன்னோருக்காகப் பாடப்படும் அப்பாடல்கள் கனவில் முன்னோரே கற்றுத்தருபவை என்பது அவர்களின் நம்பிக்கை.

முன்னோரைப் பற்றி ஒரு சொல். கரிஃபுனா மக்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர்கள். ஆயினும் குடும்பத்தில் தீராத நோயோ தொல்லையோ வந்தால், குடும்பத்தார் தங்களை மறந்துவிட்டார்கள் என்று முன்னோர் வருந்துகிறார்கள் எனக் கொண்டு, ‘துகு’ என்னும் பல நாள் சடங்கை நடத்துகிறார்கள். வெளிநாடுகளில் இருக்கும் உறவினர்களும் அதற்கு வந்து சேர வேண்டும். அச்சடங்கில் மூன்று மேளங்கள் ஒலிக்கும்; நடுவிலிருப்பதற்கு ‘இதய மேளம்’ என்று பொருள்படும் பெயர். அது வேடிக்கைக்கு உரியதன்று என்பதால் இங்கே இவ்வளவோடு நிறுத்துகிறேன்.

படகில் மேளத்தோடு மரவள்ளிக் குச்சியும் வந்ததல்லவா? அதற்கும் ஒரு பாட்டும் ஒரு கதையும் இருக்கின்றன. மரவள்ளி, குச்சிக்கிழங்கு, கப்பைக்கிழங்கு என்று நாம் பல பெயரில் அறிந்த கிழங்கின் கசப்பு வகையே இவர்களின் பழைய உணவு. அதில் நஞ்சு இருப்பதால் அப்படியே வேகவைத்து உண்ண முடியாது. தோல் சீவி, கூரிய சிறுகற்கள் பதித்த பலகையில் துருவி, ‘ருகுமா’ என்னும் நீண்ட பின்னல் குழாயில் திணித்துத் தொங்கவிட்டு, கீழே பாரம் கொடுத்துச் சாற்றைப் பிழிந்தெடுத்து, உலர்ந்த மாவைச் சலித்து, அகன்ற கல்லில் மெல்லிய அப்பளம்போலச் சுட்டெடுக்கிறார்கள். அதுவே ‘எரெபா’ என்னும் மரவள்ளி ரொட்டி. ஈரம் படாமல் வைத்தால் பல வாரங்கள் கெடாது. ஒரு நாளுக்கு மேல் நீளும் இவ்வேலையைப் பெண்கள் கூடியே செய்வார்கள். துருவும் கையின் அசைவே தாளமாக, அதற்கென்றே தனிப் பாடல்கள் இருக்கின்றன. நாடு கடத்தப்பட்டபோது பெண்கள் மரவள்ளிக் குச்சியைத் தங்கள் ஆடைக்குள் மறைத்துக் கொண்டுவந்தார்கள் என்றும், அவர்களின் உடல் வியர்வையே அதை வாடாமல் காத்தது என்றும் ஊரில் சொல்வார்கள். விழாப் படகில் அந்தக் குச்சியை ஏந்தி நிற்பவர் அந்தக் கதையைத்தான் ஏந்தி நிற்கிறார். பழங்குடி மக்கள் கற்றுத்தந்த கிழங்கும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மேளமும் ஒரே படகில் இருப்பதைப் பார்த்தால், யார் இந்தக் கரிஃபுனா மக்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

இத்தனை வளமும் ஒரு தலைமுறையில் அற்றுப்போக முடியும் என்பதை நேரில் கண்டவர் ஆண்டி பலாசியோ. பெலீஸின் தென்கோடியில் உள்ள பாராங்கோ என்னும் சிற்றூரில் 1960-இல் பிறந்தவர். 1980-இல் எழுத்தறிவு இயக்கத்தில் பணிபுரிய நிக்கராகுவா சென்றபோது, அங்குள்ள கரிஃபுனா ஊரில் ஒரு முதியவரைச் சந்தித்து அவருடைய மொழியிலேயே வணக்கம் சொன்னார். அந்த முதியவர் நம்பவில்லை. அங்கே இளையோர் யாரும் அம்மொழியைப் பேசுவதில்லை. தன் வயதை ஒத்தவர்களோடு அது முடிந்துவிடும் என்றே அவர் எண்ணியிருந்தார். இளைஞன் ஒருவன் தன் மொழியில் பேசுவதைக் கேட்டு, உண்மைதானா என்று கேட்டு அவரைக் கட்டிக்கொண்டார். தன் ஊரிலும் இதுவே நடக்கப்போகிறது என்பது பலாசியோவுக்கு அங்கே உறைத்தது.

ஊர் திரும்பிய அவர் பாடகரானார். டான்கிரிகாவில் பென் கயெட்டானோ என்னும் ஓவியரும் அவருடைய நண்பர்களும் ஆமை ஓடுகளையும் மின்கிட்டாரையும் மேளத்தோடு சேர்த்துத் தொடங்கியிருந்த ‘புன்டா ராக்’ இளைஞர்களை மீண்டும் கரிஃபுனா மொழியில் பாட வைத்திருந்தது. பலாசியோ அவ்வழியில் சில காலம் பயணித்து, பின்னர் வேகத்தைக் குறைத்துப் பழைய பாடல்களின் பக்கம் திரும்பினார். 2007-இல் தயாரிப்பாளர் இவான் டுரானோடு சேர்ந்து அவர் வெளியிட்ட ‘வாட்டினா’ என்னும் இசைத்தொகுப்பு உலகின் பல நாடுகளில் பாராட்டப்பட்டது. ‘நான் கூவி அழைத்தேன்’ என்பது அப்பெயரின் பொருள். அந்தத் தொகுப்பில் பாடியவர்களில் ஒருவர் புன்டா கோர்டா ஊரின் பால் நபோர். மீனவராகவும் முன்னோர் வழிபாட்டை நடத்துபவராகவும் வாழ்ந்த அவர், கிட்டார் இசைத்துப் பாடும் ‘பராண்டா’ வகையின் பெரும் பாடகர். மரணப் படுக்கையில் இருந்த தன் சகோதரி கேட்டுக்கொண்டதற்கிணங்க அவர் இயற்றிய பாட்டொன்று இன்று பெலீஸில் பலருக்கும் மனப்பாடம். பலாசியோ 2008 ஜனவரியில், 47 வயதில், நோயுற்று இறந்தார். நபோர் 2014-இல் மறைந்தார்.

ஐக்கிய நாடுகள் சபையின் யுனெஸ்கோ அமைப்பு 2001-இல் கரிஃபுனா மொழியையும் ஆட்டத்தையும் இசையையும் மனித குலத்தின் வாய்வழி மரபுச் செல்வமாக அறிவித்து, 2008-இல் தன் பட்டியலில் சேர்த்தது. மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாக ஏற்றதுதான் அந்த அறிவிப்பில் எனக்குப் பிடித்த செய்தி. மொழி போனால் பாட்டு வெறும் ஒலியாகிவிடும். பாட்டு போனால் மொழியைப் பேச ஓர் இடம் இல்லாமல் போய்விடும். டான்கிரிகாவில் இன்று ‘குலிசி’ என்னும் பெயரில் ஓர் அருங்காட்சியகமும், கரிஃபுனா மொழியையும் சேர்த்துக் கற்பிக்கும் ஒரு தொடக்கப் பள்ளியும் இருக்கின்றன. குலிசி என்பவர் சாட்டுயேயின் மகள் என்றும், பதின்மூன்று மகன்களோடு பெலீஸ் வந்து சேர்ந்தவர் என்றும், செயின்ட் வின்சென்டில் நடந்ததைப் பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லிச் சொல்லிக் காத்தவர் என்றும் ஊர் நம்புகிறது. பள்ளிக்கு ஒரு கதைசொல்லியின் பெயரை வைத்ததைவிடப் பொருத்தமான செயல் வேறு இருக்க முடியாது.

பெலீஸ் செல்ல இயலாதவர்களும் இந்த இசையைக் கேட்கத் தொடங்கலாம். நானும் ஒலிப்பதிவுகள் வழியாகவே இதை அறிந்தேன். ‘வாட்டினா’வும், கரிஃபுனா பெண்களின் குரல்களைப் பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று சேர்த்து 2008-இல் வெளியிட்ட ‘உமாலாலி’ தொகுப்பும் நல்ல தொடக்கம். முதல் முறை கேட்கும்போது பாட்டின் பொருளைத் தேட வேண்டாம். அடியில் மாறாமல் ஒலிக்கும் செகுண்டாவை மட்டும் பின்தொடருங்கள். அது காதில் நின்றபின், அதற்கு மேலே துள்ளும் பிரிமேராவைப் பிரித்துக் கேளுங்கள். மூன்றாம் முறை, முன்னே பாடும் ஒரு பெண்ணின் குரல் ஓய்கிற இடத்துக்காகக் காத்திருங்கள். அங்கே பின்னாலிருந்து பல குரல்கள் ஒன்றாக எழும். சில முறை கேட்டால், அந்த விடை வரும் இடத்தில் உங்கள் வாயும் அசையத் தொடங்கியிருக்கும்.